சொல் விளக்கம், வாசகர் கேள்வி பதில்: இன்டராக்ஷன்

சென்ற இதழில் ஒரு வாசகர் ‘இன்டராக்ஷனுக்குத் தமிழ் என்ன?’ என்று கேட்டிருந்தார். ‘ஊடாட்டம்’ என்று ஒரே சொல்லில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது போதவே போதாது என்பது உங்கள் கடிதங்களைப் படித்ததும் புரிந்தது. மாத்திரை சாப்பிடும் பெரியவர், பள்ளி வாசலில் நிற்கும் அம்மா, பி.எட். படிக்கும் பெண், பிளஸ் டூ பையன் என்று ஆளுக்கு ஒரு இடத்தில் இந்தச் சொல் குறுக்கே வந்து நின்றிருக்கிறது. அதனால் இந்த இதழில் வேறு எதையும் எடுக்கவில்லை. எல்லாக் கேள்வியும் இந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

கேள்வி: நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். இன்டராக்ஷன் என்ற சொல்லுக்கு ஓரிடத்தில் ஊடாட்டம், ஓரிடத்தில் இடைவினை, இன்னோரிடத்தில் பரிமாற்றம் என்று போட்டிருக்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? (வாசகி, கோடம்பாக்கம்)

மூன்றுமே நல்ல சொற்கள்தான், ஆனால் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இன்னொன்று உட்காராது. முதலில் ஆங்கிலச் சொல்லையே பிரித்துப் பார்த்துவிடுவோம். ‘இன்டர்’ என்றால் லத்தீனில் இடையே, நடுவே. ‘ஆக்ஷன்’ என்றால் செயல். இரண்டு பேருக்கு நடுவில், அல்லது இரண்டு பொருள்களுக்கு நடுவில் நடக்கிற செயல். இதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னதாகும். இவர் செய்வது அவரைத் தொட வேண்டும், அவர் செய்வது திரும்பி வந்து இவரைத் தொட வேண்டும், இரண்டு பக்கமும் ஏதோ கொஞ்சம் மாற வேண்டும். எழும்பூர் ஸ்டேஷனில் ஒலிபெருக்கியில் ரயில் தாமதம் என்று அறிவிக்கிறார்களே, அது இன்டராக்ஷன் இல்லை. விசாரணை கவுன்ட்டரில் போய் நின்று ‘எவ்வளவு நேரம் ஆகும் சார்?’ என்று கேட்டு, அவர் கணினியைப் பார்த்து ஒன்று சொல்லி, அதைக் கேட்டு நீங்கள் இன்னொன்று கேட்டால், அது இன்டராக்ஷன். கீழே வரும் எல்லாக் கேள்விகளுக்கும் இந்த ஒரு அளவுகோலைத்தான் வைத்துப் பார்க்கப் போகிறேன்.

இடைவினை என்பது ஆங்கிலச் சொல்லை அப்படியே பிரித்துத் தமிழில் கட்டியது. இடை, வினை. பாடநூல்களில் நிலைத்துவிட்ட சொல், எண்ணிச் சொல்லவும் வசதி: நான்கு இடைவினைகள், ஐந்து இடைவினைகள் என்று எழுதலாம். ஆனால் ‘வினை’ நம் வாயில் வேறு வாசனையோடு புழங்குகிற சொல். ‘கடைசியில வினையா முடிஞ்சுது’ என்று சொல்கிறவர்கள் நாம். ‘எனக்கும் என் மாமியாருக்கும் நல்ல இடைவினை’ என்று ஒரு பெண் பேசுவதாக எழுதினால், படிக்கிறவர் சண்டை என்றே நினைத்துக்கொள்வார்.

ஊடாட்டம் எனக்கு மிகவும் பிடித்த சொல். நடுவே நடமாடுவது, கலந்து பழகுவது என்ற பொருளில் ஊடாடுதல் தமிழில் முன்பே இருக்கிறது, கணினிக்காகப் புதிதாக உண்டாக்கியது இல்லை. ஊடே, ஊடாக, ஊடுபயிர், ஊடகம் எல்லாவற்றிலும் இருப்பது அதே ஊடு. இந்தச் சொல்லைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்கு முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. நாடா என்கிற நூல் சுமக்கும் கட்டையில் ஏறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடுவது ஊடை. ஊடை ஒவ்வொரு முறை ஓடும்போதும் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழி விடுகின்றன, ஊடை போனபிறகு இடம் மாறி அதை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. இரண்டில் எது சேலை என்று கேட்டால் என்ன சொல்வது? ‘ஊடும் பாவும் போல’ என்று நாம் சொல்வது இதைத்தான். அப்புறம் அந்தக் கடைசியில் வருகிற ‘ஆடு’. உரையாடு, நடமாடு, விளையாடு, சொல்லாடு: ஒரே தடவையில் முடியாமல் போய்ப் போய் வருகிற செயல்களுக்குத் தமிழ் ‘ஆடு’ சேர்க்கிறது. ஊடாட்டத்தில் நடுவும் இருக்கிறது, போக்குவரவும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

பரிமாற்றம் என்பது கை மாறுவது. கடிதப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம் என்று சொல்லலாம். ஆனால் நூறு ரூபாய்க்குச் சில்லறை மாற்றிக்கொண்டவர்கள் இருவருமே மாறாமல் அப்படியே வீட்டுக்குப் போகலாம். அதனால் இன்டராக்ஷன் வரும் இடத்தில் இதைப் போடுவதற்கு முன் இரண்டு தடவை யோசியுங்கள்.

நான் செய்வது இதுதான்: இயற்பியல், உயிரியல், புள்ளியியல், கல்வியியல் என்றால் இடைவினை, ஏனென்றால் மாணவர்களுக்கு அது பழகிவிட்டது. கணினி, கலை, சமூகம் என்றால் ஊடாட்டம். கதையில் மனிதர்கள் பேசும் இடத்தில் இரண்டுமே வேண்டாம். அங்கே நம் வீட்டுச் சொற்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ‘எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல.’ ‘அந்த வீட்டோட போக்குவரத்தே விட்டுப்போச்சு.’ ‘அவரோட எனக்குக் கொடுக்கல் வாங்கல் மட்டும்தான், பழக்கம் கிடையாது.’ சம்பந்தம் செய்துகொள்கிற குடும்பங்களைப் பற்றி ‘அவங்களோட கொள்வினை கொடுப்பினை உண்டு’ என்பார்கள். பெண் எடுப்பது, பெண் கொடுப்பது, இரண்டு பக்கமும் அந்த ஒரு தொடருக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்கிற வேலையைத் தமிழில் இத்தனை சொற்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் ஒட்ட வேண்டாம்.

கேள்வி: எனக்கு 71 வயது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேன். ‘டிரக் இன்டராக்ஷன் ஆகும், கீரை பார்த்துச் சாப்பிடுங்க’ என்றார் டாக்டர். கீரைக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? இது சைடு எஃபெக்ட் தானே? (வாசகர், நங்கநல்லூர்)

ஐயா, இரண்டும் வேறு. மாத்திரை தனியாக உடம்பில் செய்கிற வேண்டாத வேலை பக்கவிளைவு. அந்த மாத்திரை இன்னொரு மாத்திரையையோ சாப்பாட்டையோ சந்திக்கும்போது நடப்பதுதான் இன்டராக்ஷன். தனித்தனியே சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத இரண்டு பொருள்கள், சேர்ந்தால் வம்பு பண்ணலாம்.

நம் வீடுகளில் இதற்கு எவ்வளவு அழகான சொற்கள் இருக்கின்றன என்று பாருங்கள். ‘எனக்கு அந்த மாத்திரை ஒத்துக்கல’ என்றால் என் உடம்புக்கும் அதற்கும் ஆகவில்லை என்று அர்த்தம். ‘இதுவும் அதுவும் சேராது’ என்றால் அந்த இரண்டுக்கும் ஆகாது. நாட்டு மருந்து சாப்பிடும்போது அகத்திக்கீரையைத் தொடாதே, மருந்தை முறித்துவிடும் என்று பாட்டி சொல்லியிருப்பார். முறிக்கும் என்ற அந்தச் சொல் டாக்டர் சொன்ன இன்டராக்ஷனில் ஒரு பாதி. மறுபாதி அதற்கு நேர் எதிர்: ஒன்று இன்னொன்றின் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றிவிடும்.

உங்கள் மாத்திரை வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் வகையாக இருக்கும் என்று நினைக்கிறேன், கீரையைப் பற்றிச் சொன்னதால். ரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்களைக் கல்லீரல் செய்கிறது, அதற்கு வைட்டமின் கே வேண்டும். அந்த வைட்டமினைக் கல்லீரல் மறுபடி மறுபடி பயன்படுத்த முடியாமல் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. கீரையிலோ வைட்டமின் கே நிறைய. ஆகவே திடீரென்று ஒரு வாரம் முழுக்க முருங்கைக்கீரை, அரைக்கீரை என்று வெளுத்துக்கட்டினால் மாத்திரையின் வேகம் குறையும், வழக்கமாகக் கீரை சாப்பிடுகிறவர் சட்டென்று நிறுத்திவிட்டால் வேகம் கூடி ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். அதனால்தான் ‘பார்த்துச் சாப்பிடுங்க’ என்றார். ‘சாப்பிடாதீங்க’ என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்களோ அதை ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கீரையைவிட எனக்குப் பயம் வலி மாத்திரையில்தான். முட்டி வலிக்கிறது என்று டாக்டரைக் கேட்காமல் கடையில் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அவை இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து அதிகம்.

இதே கடிதத்தில் வீட்டம்மாவின் மாத்திரைகளையும் எழுதியிருந்தீர்கள், அதற்கும் சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால். அதற்கும் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பம்ப்ளிமாஸ் பழத்தையும் கேட்டிருக்கிறார். அதன் சொந்தக்காரப் பழமான கிரேப்ஃப்ரூட், சில மருந்துகளைக் குடலில் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும், அதனால் மருந்து தேவைக்கு மேல் ரத்தத்தில் ஏறிவிடும். கொழுப்புக்கான சில மாத்திரைகள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் இதில் மாட்டும். பம்ப்ளிமாஸிலும் அந்தக் குணம் உண்டு. அவர் என்ன மாத்திரை எடுக்கிறார் என்று டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள், ஐயா. இருவருடைய எல்லா மாத்திரைகளின் பெயரையும், சித்த மருந்து, லேகியம், சத்து மாவு உட்பட, ஒரே தாளில் எழுதி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். இதய டாக்டருக்கு எலும்பு டாக்டர் என்ன எழுதினார் என்று தெரியாது. அந்தத் தாள்தான் அவர்கள் இருவரையும் பேசவைக்கும்.

கேள்வி: ஊடாட்டம் என்பது ஊடல் என்ற சொல்லிலிருந்து வந்ததா? காதலர் சண்டை மாதிரித் தோன்றுகிறதே! (வாசகர், பெரம்பூர்)

இல்லை. நடுவே என்று பொருள்படும் ஊடு வேறு, பிணங்குவது என்று பொருள்படும் ஊடு வேறு. திருக்குறள் 133-ஆம் அதிகாரத்தில் ஊடல் உவகையோடு முடிகிறதே, அது இரண்டாவது ஊடு. ஒலி ஒன்றாக இருப்பதால் இந்தக் குழப்பம் வருவது இயற்கைதான்.

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி. சேர்க்க ஒரு பள்ளியில் ‘பேரன்ட் சைல்டு இன்டராக்ஷன்’ என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனால் அவனிடம் நிறம், எண், விலங்கு என்று கேள்வி, எங்களிடம் படிப்பு, வேலை, வருமானம் என்று கேள்வி. இது இன்டர்வியூதானே? ஏன் இப்படி ஒரு பெயர்? (வாசகி, வேளச்சேரி)

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு வயிறு எரிந்தது, ஏனென்றால் என் மகளுக்காக நானும் அப்படி ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். யானை படத்தைக் காட்டி என்ன என்று கேட்டார்கள். அவளுக்கு யானை தெரியும், ஆனால் முன்பின் தெரியாத மூன்று பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்ததில் வாயைத் திறக்கவில்லை. அதோடு முடிந்தது. நாங்கள் ஏதாவது கேட்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தப் பெயர் ஏன் வந்தது என்பதற்குச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13-ஆவது பிரிவு, சேர்க்கையின்போது நன்கொடை வாங்கக் கூடாது, குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் எந்த முறைக்கும் உட்படுத்தக் கூடாது என்கிறது. வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை, அதன்பின் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம். இப்படி இருக்கும்போது ‘இன்டர்வியூ’ என்று அறிவிப்புப் பலகையில் எழுத எந்தப் பள்ளிக்கு மனம் வரும்? இன்டராக்ஷன் என்று எழுதினால் காதுக்கு இதமாக இருக்கிறது, நாமும் தலையாட்டிக்கொண்டு போகிறோம்.

ஆனால் சட்டம் பெயரைப் பார்க்கவில்லை, செயலைப் பார்க்கிறது. குலுக்கல் மாதிரி யாருக்கும் சலுகை இல்லாத முறையைத் தவிர, ஒரு குழந்தையைவிட இன்னொரு குழந்தைக்கு முன்னுரிமை கொடுத்துத் தேர்வு செய்யும் எந்த முறையும் வடிகட்டல்தான் என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரு விஷயம் சொல்ல வேண்டும்: குழந்தை என்று அந்தச் சட்டம் சொல்வது 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களை. எல்.கே.ஜி. பற்றி வாதம் செய்ய அந்த இடைவெளி சிலருக்கு உதவுகிறது. ஒன்றாம் வகுப்பு என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சொல்லின் கணக்கில் மட்டும் பார்த்தால் உங்களுக்கு நடந்தது இன்டராக்ஷன் இல்லவே இல்லை. ஒரு பக்கம் கேட்டது, மறுபக்கம் பதில் சொன்னது, ஒரு பக்கம் மதிப்பெண் போட்டது. அதற்குத் தமிழில் நேர்காணல் என்றுகூடச் சொல்ல மாட்டேன், விசாரணை என்பேன். அடுத்த பள்ளியில் இப்படி அழைத்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆயா எத்தனை பேர், குழந்தை அழுதால் என்ன செய்வீர்கள், விளையாட மண் தரை இருக்கிறதா? அவர்கள் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்னால், அந்தப் பெயர் அங்கே பொருந்துகிறது.

கேள்வி: பி.எட். படிக்கிறேன். ‘வகுப்பறை இடைவினைப் பகுப்பாய்வு’ பாடத்தில் வருகிறது. மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் எதற்கு என்று புரியவில்லை. (வாசகி, சைதாப்பேட்டை)

நீங்கள் சொல்வது அமெரிக்கக் கல்வியாளர் நெட் ஃபிளாண்டர்ஸ் உருவாக்கிய முறை. வகுப்பில் நடப்பதை 1 முதல் 10 வரை எண் போட்ட வகைகளாகப் பிரிக்கிறது, அவற்றில் 7 ஆசிரியர் பேச்சு, 2 மாணவர் பேச்சு, கடைசி ஒன்று மௌனம் அல்லது குழப்பம். வகுப்பின் பின்னால் ஒருவர் உட்கார்ந்து 3 விநாடிக்கு ஒரு தடவை அப்போது என்ன நடக்கிறது என்று எண்ணைக் குறித்துக்கொண்டே போவார். 5 என்றால் ஆசிரியர் விளக்குகிறார், 4 என்றால் கேள்வி கேட்கிறார், 8 என்றால் மாணவர் பதில் சொல்கிறார், 9 என்றால் மாணவர் தானாகவே ஒன்றைத் தொடங்குகிறார்.

இதை மனப்பாடம் செய்வதில் ஒரு பயனும் இல்லை, செய்து பார்த்தால்தான் புரியும். பயிற்சிக்குப் போகும் பள்ளியில் உங்கள் தோழியைப் பின்னால் உட்காரவைத்து உங்கள் வகுப்பில் 10 நிமிடம் மட்டும் குறிக்கச் சொல்லுங்கள், 200 எண்கள் கிடைக்கும். பாதிக்கு மேல் 5 இருந்தால் பதற வேண்டாம், பல வகுப்புகள் அப்படித்தான். 9 எத்தனை இருக்கிறது என்று தேடுங்கள். ‘மிஸ், அப்போ நிலாவுல மழை பெய்யுமா?’ என்று, நீங்கள் எதுவும் கேட்காமலே ஒரு பையன் எழுந்து கேட்கிறானே, அந்த 3 விநாடிதான் 9. அதை அடுத்து நீங்கள் அவன் கேள்வியை எடுத்துப் பாடத்தோடு சேர்த்துக்கொண்டால் அது 3, ‘உட்காரு, அது இப்போ வேண்டாம்’ என்று கடிந்துகொண்டால் 7. ஒன்பதுக்குப் பின்னால் மூன்று வருகிறதா ஏழு வருகிறதா என்று பார்க்கத்தான் இந்தப் பகுப்பாய்வே. அவன் சொன்னது உங்கள் பாடத்தை மாற்றியதா என்பதை அந்த எண்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணுகிறபோது ஒரு குறையையும் மனத்தில் வையுங்கள். இந்த முறை பேச்சை மட்டும்தான் கணக்கெடுக்கிறது. கடைசி பெஞ்சில் ஒருத்தி புரியாமல் புருவம் சுருக்குவதும், அதைப் பார்த்து நீங்கள் இன்னொரு உதாரணம் சொல்வதும் இடைவினைதான், அது எந்த எண்ணிலும் தனியாக ஏறாது.

கேள்வி: புள்ளியியலில் ‘இன்டராக்ஷன் எஃபெக்ட்’ என்றால் இரண்டு காரணிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று அர்த்தமா? (மாணவர், திருவான்மியூர்)

இல்லை, இது நிறையப் பேர் சறுக்கும் இடம். இரண்டும் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன என்றால் அது ஒட்டுறவு. இடைவினை என்பது வேறு கேள்வி: ஒன்றின் விளைவு எவ்வளவு என்பது இன்னொன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறதா?

நம் ஊர் வெயிலை எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் காலையில் காற்றில் ஈரம் நிறைய இருக்கும், ஆனாலும் மெரினாவில் நடக்கச் சுகமாக இருக்கும். மே மாதம் வேலூரில் வெயில் சென்னையைவிட இரண்டு மூன்று டிகிரி அதிகம் கொளுத்தினாலும் நிழலில் நின்றால் தாங்கலாம். அதே மே மாதம் சென்னையில், வெயிலும் கடலோர ஈரமும் சேரும்போது நிழலிலும் சட்டை பிழிகிற அளவு வேர்க்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருந்தால் வியர்வைக்குப் போக இடமில்லை. குளிர்ந்த நாளில் வேர்வையே இல்லாததால் அந்த ஈரம் நம்மை ஒன்றும் செய்வதில்லை.

ஒரு பேச்சுக்கு, புழுக்கத்துக்கு 10-க்கு மதிப்பெண் போடுவோம். வெயிலும் ஈரமும் குறைவு என்றால் 1. ஈரம் மட்டும் ஏறினால் 2, அதாவது ஈரம் 1 கூட்டியது. வெயில் மட்டும் ஏறினால் 4, வெயில் 3 கூட்டியது. இரண்டும் ஏறினால் 1, 1, 3 கூட்டி 5 வர வேண்டும். ஆனால் 9 வருகிறது என்று வையுங்கள். அந்த மிச்சம் 4 இருக்கிறதே, அது வெயிலுக்கும் சொந்தமில்லை, ஈரத்துக்கும் சொந்தமில்லை, இரண்டும் சந்தித்ததால் பிறந்தது. அதுதான் இடைவினை விளைவு. ‘ஈரத்தின் விளைவு எவ்வளவு?’ என்று தனியாகக் கேட்டால் ‘எந்த வெயிலில்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1919-இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர், உரம், விதை என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்காமல் பலவற்றை ஒரே சோதனையில் சேர்த்து மாற்றிப் பார்க்க வேண்டும் என்று வாதாடியதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொன்றாகப் பார்த்தால் அந்த 4 கண்ணில் படவே படாது.

கேள்வி: இயற்பியல் புத்தகத்தில் நான்கு அடிப்படை விசைகள் என்று இருக்கிறது. ஆங்கில வீடியோவில் ‘இன்டராக்ஷன்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? (பிளஸ் டூ மாணவர், தண்டையார்பேட்டை)

ஒன்றையேதான் சொல்கிறார்கள் தம்பி, ஆனால் இன்டராக்ஷன் அகலமான சொல். ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவின் வலிமையான விசை, வலிமை குறைந்த விசை என்று நான்கு. விசை என்றதும் நமக்குத் தள்ளுவது, இழுப்பது ஞாபகம் வரும். நான்காவது ஆள் செய்கிற முக்கியமான வேலை அதில் அடங்காது. அது ஒரு துகளை இன்னொரு துகளாகவே மாற்றிவிடும். அணுக்கருவுக்கு வெளியே தனியாக விட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடத்துக்குள் புரோட்டானாக மாறி, ஒரு எலக்ட்ரானையும் எதிர்நியூட்ரினோ என்ற ஒரு நுண்துகளையும் வெளியே விடுகிறது. யார் யாரைத் தள்ளினார்கள் என்று இதில் கேட்க முடியாது, அதனால் இடைவினை என்கிறார்கள். சூரியன் எரிவதற்கே முதல் படியில் இது வேண்டும்: இரண்டு புரோட்டான்கள் இணையும்போது அதில் ஒன்று நியூட்ரானாக மாற வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் கவனி. நியூட்டனின் மூன்றாம் விதியே இடைவினையைப் பற்றியதுதான். மரத்திலிருந்து விழுகிற தேங்காயைப் பூமி எவ்வளவு இழுக்கிறதோ, அதே அளவு தேங்காயும் பூமியை இழுக்கிறது. தனியாக ஒரு பொருள் மட்டும் விசை செலுத்தியது என்று இயற்பியலில் ஒன்று கிடையாது.

கேள்வி: ரெஸ்யூமேயில் ‘இன்டராக்டட் கிளையன்ட்ஸ்’ என்று எழுதியிருந்தேன். தவறு என்றார்கள். ஏன்? (வாசகர், சோழிங்கநல்லூர்)

‘வித்’ விட்டுப்போயிருக்கிறது. தமிழில் ‘வாடிக்கையாளர்களோடு பழகினேன்’ என்று நாம் ‘ஓடு’ போடுகிறோம் அல்லவா, அந்த ‘ஓடு’தான் அங்கே ‘வித்’. அதைவிட முக்கியமாக, அந்த வரியையே மாற்றுங்கள். யாரோடு, எதற்காக, என்ன ஆனது என்று எழுதுங்கள். ‘வாரம் ஒருமுறை வாடிக்கையாளர்களிடம் குறைகளைக் கேட்டு, மென்பொருளில் இன்னின்ன மாற்றங்கள் செய்யவைத்தேன்’ என்று இருந்தால் வேலை கொடுப்பவருக்கு உங்கள் முகம் தெரியும். வெறுமனே இன்டராக்ஷன் என்று போட்டால் ஒன்றும் தெரியாது.

கேள்வி: அப்பா இறந்தபிறகு அம்மாவைப் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து இங்கே எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்து வந்தோம். ‘பேச்சுத்துணைக்கு ஆளில்லை’ என்கிறார். குடியிருப்போர் சங்கத்தில் மூத்தவர்களுக்காக மாதம் ஒரு ‘இன்டராக்ஷன் மீட்டிங்’ வைக்கிறோம். தமிழில் அறிவிப்பு எழுத வேண்டும், என்ன சொல் போடலாம்? (வாசகர், போரூர்)

உங்கள் அம்மாவே சொல்லிவிட்டார். பேச்சுத்துணை. துணை என்ற சொல் அதில் இருப்பதைப் பாருங்கள், பேச்சே ஒரு ஆள் மாதிரிப் பக்கத்தில் உட்காருகிறது. பழைய வண்ணாரப்பேட்டைத் தெருவில் அவருக்கு இதற்கென்று கூட்டம் தேவைப்பட்டிருக்காது. தண்ணீர் பிடிக்கும் இடம், வாசல் படி, பூக்காரர், எதிர்வீட்டுக்குக் கிண்ணத்தில் போகிற குழம்பு, அந்தக் கிண்ணம் காலியாகத் திரும்பக் கூடாது என்று அதில் வருகிற கொஞ்சம் பொரியல். இந்தப் புழக்கம் மொத்தமாக நின்றுபோனதைத்தான் அவர் அந்த இரண்டு சொல்லில் சொல்கிறார்.

வள்ளுவர் இதற்கு அளவளாவுதல் என்ற சொல்லைப் பயன்படுத்தினார். 523-ஆவது குறள், சுற்றத்தாரோடு மனம் கலந்து பழகாதவன் வாழ்க்கை கரையில்லாத குளத்தில் நீர் நிறைந்தது போல என்கிறது. அவ்வளவு நல்ல சொல், ஆனால் நோட்டீஸ் போர்டில் ‘அளவளாவல் கூட்டம்’ என்று எழுதினால் உங்கள் அம்மா வயதுக்காரர்கள் ஏதோ சொற்பொழிவு என்று நினைத்து வராமல் இருந்துவிடுவார்கள். ‘கலந்துரையாடல்’ என்றால் மைக், தலைவர், வரவேற்புரை எல்லாம் ஞாபகம் வரும்.

‘வாங்க, பேசிக்கிட்டிருப்போம். ஞாயிறு மாலை 5 மணி, மொட்டை மாடி’ என்று பெரிய எழுத்தில் எழுதி லிஃப்ட்டுக்குள் ஒட்டுங்கள். மைக் வேண்டாம். நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் வட்டமாகப் போடுங்கள். முதல் வாரம் அம்மாவை ஏதாவது ஒரு டப்பாவோடு அனுப்புங்கள், முறுக்கோ வடகமோ, பத்துப் பேருக்குப் போதுமான அளவு. டப்பாவைத் திருப்பிக் கொடுக்க யாராவது ஒருவர் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவார்.